அக்கா வார்த்த ஆள்காட்டி விரல்

என் அக்காவுக்கு எந்தப் பொருளும் ஒன்றே ஒன்றாக இருந்தால் பிடிக்காது. வேலை பார்ப்பதும் அதற்கேற்ற இடத்தில்தான். கோர்ட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் பதினெட்டு வருடமாக மெஷின் முன்னால் நிற்கிறாள். மற்றவர்களுடைய பிறப்பு, இறப்பு, விவாகரத்து எல்லாவற்றையும் மும்மூன்று பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறவள் சாதாரண மனுஷியாக இருந்தால் காலை நீட்டிப் படுப்பாள். இவள் முகம்கூடக் கழுவாமல் சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு எதை இரண்டாக்கலாம் என்று வீட்டை ஒரு சுற்று பார்ப்பாள்.

ஆரம்பித்து வைத்தது அலமாரியின் குமிழ். நான்கில் ஒன்று உடைந்துபோனது. கடைக்காரர் அந்த மாதிரி இப்போது வருவதில்லை என்று சொல்லிவிட்டார். அக்கா செல்போனில் யாரோ ஒரு தாடிக்காரன் அச்சு எடுப்பதைப் பார்த்தாள். ரப்பர் திரவத்தை வரவழைத்தாள். நல்ல குமிழ் ஒன்றை டப்பாவில் நிறுத்தி மேலே ஊற்றினாள், மறுநாள் உரித்தாள், அந்தக் குழிக்குள் காய்ந்தால் கெட்டியாகிற ரெசின் ஊற்றினாள். நான்காவது குமிழ் வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் வாயைத் திறந்து பாராட்டினோம். அந்த ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் குடும்பத்தின் தலையெழுத்தே வேறாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு சதுரங்கக் குதிரை, ரிமோட்டின் பின்மூடி, பக்கத்து வீட்டு மேசையின் கால் என்று வரிசையாக வந்தன. குளியலறைக் குழாயின் கைப்பிடியையும் விட்டுவைக்கவில்லை. அது நான் தலையில் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்போது உடைந்து கையோடு வந்தது. நான் மாடியில் குடியிருக்கிறேன், தண்ணீர்த் தொட்டி பொது, குழாயும் பொது. "காத்துக் குமிழி இருந்திருக்கும்டா, அடுத்தது சரியா வரும்" என்று கதவுக்கு வெளியே நின்று அக்கா ஆறுதல் சொன்னாள். சமையலறையில் எந்தக் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கலாம், எதில் குடித்தால் வயிறே கெட்டியாகிவிடும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இனி அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வதில் எனக்குப் பெரிய விருப்பம் இல்லை. அக்காவின் கணவர், மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக கவுன்டரில் நிற்கிறவர். ஆள் வாசலில் நுழையும்போதே முகத்தைப் பார்த்து எந்த ஃபிரேம் என்று முடிவு செய்துவிடுவார். பிறகு காதோரம் கைவைத்து, கம்பியை நெளித்து, நிமிர்த்தி, பேசிப் பேசியே மாட்டிவிடுவார். பிறர் முகத்துக்குப் பக்கத்தில் போகிற கை என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் நகத்தை அரத்தால் தேய்ப்பார். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் கண்ணாடி வாங்கப் போனபோது, கடை நிறைய ஆட்கள் இருக்க, "மச்சான், உங்க மூக்கு நடுவுல இல்ல" என்று சத்தமாகச் சொன்னார். ஆட்களில் ஒருவர் என் அலுவலகத்துக்காரர். மறுநாள் தபால் பிரிவு முழுக்க என் மூக்கை அளந்து பார்த்தது. அன்றிலிருந்து நான் அத்தானோடு பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே படிக்கட்டு, ஆறு வருடம். உப்புப் பெறாத விஷயம் என்று அக்கா சொல்வாள். அவளுக்கென்ன, அவள் மூக்கு நடுவில் இருக்கிறது.

போன வருடம் அந்தக் கடையின் இரும்பு ஷட்டர் அத்தானின் வலது கை ஆள்காட்டி விரலை வாங்கிக்கொண்டது. ஷட்டர் எட்டு மாதமாகச் சிக்கிக்கொண்டிருந்தது, அத்தான் மூன்று முறை முதலாளியிடம் சொல்லியிருக்கிறார், முதலாளியும் மூன்று முறை "பாத்துக்கலாம்" என்றிருக்கிறார். விரலில் ஒரு கணு மட்டும் மிஞ்சியது. முதலாளி ஒரு பை ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறு வாரம் கழித்து அத்தான் வேலைக்குப் போனதும் அவரைக் கவுன்டரிலிருந்து பின்னறைக்கு மாற்றினார். முகத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கை வந்தால் வாடிக்கையாளர் மனம் சங்கடப்படுமாம். கண் சரியாகத் தெரியவில்லை என்று கடைக்கு வருகிறவர்களுக்கு அது மட்டும் எப்படிப் பளிச்சென்று தெரிந்துவிடும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. லென்ஸ் பெட்டிகளை எண் பார்த்து அடுக்க வேண்டும், முன்னாலிருந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அன்றைக்கு வந்தவர்களின் கதையை ஆரம்பிக்கிற மனிதர், சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். கீழிருந்து வரும் அவருடைய பேச்சுச் சத்தம் ஆறு வருடமாக என் காதைப் பிடுங்கியது. அது நின்றதும் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது, இன்று காலையிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அத்தான் சாதாரணமாகச் சொன்னாராம். அக்கா மறுநாள் லீவு போட்டுவிட்டு நேராக முதலாளியிடம் போய் நின்றாள். கை பார்க்க ஒழுங்காக இருந்தால் அந்த நிமிடமே கவுன்டரில் நிறுத்துகிறேன், எனக்கு என்ன அவர்மேல் விரோதமா என்றார் அவர். சரி என்று சொல்லிவிட்டு வந்த அக்கா டப்பாவை எடுத்தாள். விரல் செய்வது குழாய்க் கைப்பிடி செய்வதைவிடச் சுலபம் என்று எந்த நம்பிக்கையில் நினைத்தாள் என்று தெரியவில்லை. விரல் ஒன்றுதானே, குழாய் மாதிரி திருக வேண்டாம் அல்லவா.

முதல் வார்ப்புக்கு அத்தானின் இடது கை ஆள்காட்டி விரலையே எடுத்துக்கொண்டாள். பல் டாக்டர்கள் அளவெடுக்கும் பொடியைத் தண்ணீரில் குழைத்து உயரமான டம்ளரில் ஊற்றி, அதில் விரலை நான்கு நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். விரலை உருவினால் உள்ளே ரேகை உட்பட எல்லாம் பதிந்திருக்கும். அதில் பிளாஸ்டர் ஊற்றினால் வெள்ளை விரல் கிடைக்கும். அந்த வெள்ளை விரலைச் சுற்றி ரப்பர் அச்சு. மிஞ்சிய கணுவுக்கும் ஒரு பிளாஸ்டர் நகல் எடுத்து, அதை அச்சின் நடுவே தொங்கவிட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் தோல் நிற ரப்பரை ஊற்றினால் கணுவில் உறை மாதிரி மாட்டிக்கொள்ளும் விரல் வரும். கேட்பதற்கு எனக்கே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வந்தது இடது கை விரல் ஆயிற்றே. வலது கையில் மாட்டியதும் அது நடுவிரலோடு சேராமல் கட்டைவிரல் பக்கம் சாய்ந்துகொண்டு, மற்றவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாத ஆள் மாதிரி தனியாக நின்றது. அந்த நடத்தை எனக்கு எங்கோ பார்த்தது போலிருந்தது.

அப்படியானால் வேறொருவருடைய வலது கை வேண்டும். அக்கா ஒரு நூலை எடுத்துக்கொண்டு உறவினர் வீடுகளுக்குப் போனாள். அத்தானின் தம்பி, பெரியப்பா மகன், சித்தப்பா, கடைசியில் ஜெராக்ஸ் கடைக்குத் தாள் கொண்டு வருபவர் வரை அளந்தாள். ஒன்று தடி, ஒன்று குச்சி. கடைசியில் மாடிப்படி ஏறி வந்து என் கையை இழுத்து நூலைச் சுற்றினாள். இம்மிகூட மாறவில்லை. பெற்றவர்கள் பார்த்துச் சேர்த்த சம்பந்தத்தில் இந்த ஒரு பொருத்தத்தை மட்டும் யாருமே பார்க்கவில்லை.

அந்த மனிதருக்காக ஒரு விரலைக்கூட அசைக்க மாட்டேன் என்றேன். அசைக்காமல் இருப்பதுதான் வேண்டும், நான்கு நிமிடம் போதும் என்றாள்.

இரண்டாவது வார்ப்பு என் விரலில் எடுத்தது, அச்சு அசலாக வந்தது. அதுதான் வினையாகிப் போயிற்று. எனக்குச் சிறு வயதிலிருந்து நகம் கடிக்கிற பழக்கம். தபால் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு நகம் கடிக்காமல் இருப்பவர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். கடித்துக் குதறிய நகம், ஓரத்தில் பிய்ந்த தோல் எல்லாம் ஒன்று விடாமல் ரப்பரில் வந்திருந்தது. அத்தான் ஞாயிறு தோறும் தேய்த்த ஒன்பது நகங்களுக்கு நடுவே அதை வைத்துப் பார்த்தார், கழற்றி மேசை டிராயரில் வைத்தார், கையலம்பப் போனார்.

மூன்று வாரம் ஆள்காட்டி விரலைக் கடிக்கக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டாள். குழந்தைகளுக்குத் தடவும் கசப்பு மருந்தைப் பூசினாள், அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினாள், தினமும் காலையில் மாடிக்கு வந்து கைதியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள். மிச்ச ஒன்பது நகங்களையும் நான் அடியோடு கடித்துத் தீர்த்தேன். பேச்சுவார்த்தை இல்லாத ஒருவருக்காக நகம் வளர்ப்பது எவ்வளவு கேவலமான வேலை என்று எனக்குத்தான் தெரியும். மூன்றாவது வாரம் விளிம்பு கொஞ்சம் வெள்ளையாக எட்டிப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவ்வளவு பாடுபட்ட நகம் மூன்றாவது வார்ப்பில் வீணானது. முதல் இரண்டுக்கும் வேறு ரப்பர், இந்த முறை அச்சுக்கும் விரலுக்கும் சிலிகான் வாங்கியிருந்தாள். சிலிகான் ரப்பர் உலகத்தில் எதோடும் ஒட்டாது என்று அந்தத் தாடிக்காரன் சொன்னானாம். அக்கா அத்தோடு வீடியோவை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். தன்னோடு மட்டும் ஒட்டும், அதனால் ரப்பர் அச்சுக்குள் ரப்பரை ஊற்றுவதற்கு முன் வாஸ்லின் தடவ வேண்டும் என்பது அவன் அடுத்துச் சொன்ன வாக்கியம். மறுநாள் டப்பாவைக் கவிழ்த்தால் அச்சும் விரலும் கணுவும் ஒரே கட்டியாக விழுந்தன. பிளேடால் அறுத்துப் பார்த்தாள். உள்ளே விரல் எங்கே முடிகிறது, அச்சு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. பிளாஸ்டர் விரல் அதற்கு முன்பே உரிக்கும்போது உடைந்துபோயிருந்தது. அக்கா அந்தக் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. கேலி பேச வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, நானாகவே டம்ளரில் பொடியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

நாலாவது சரியாக வந்தது. நிறம் மட்டும் தகராறு செய்தது. சமையலறை விளக்கில் பார்த்தால் அத்தான் கையேதான், கடையின் வெள்ளை வெளிச்சத்தில் பொம்மைக் கை. அக்கா அதே மாதிரி விளக்கை வாங்கி வந்து சமையலறையில் மாட்டி, சாயத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து எட்டு மாதிரி ஊற்றி, ஏழு மாதிரிகளைத் தூக்கிப் போட்டாள். ஒரு திங்கட்கிழமை அத்தான் அதை மாட்டிக்கொண்டு போனார். முதலாளி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் கவுன்டரில் நிறுத்தினார். கீழே மறுபடியும் பேச்சுச் சத்தம் ஆரம்பித்தது. எனக்கு மறுபடியும் காதைப் பிடுங்கியது, நன்றாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் இருக்கும். நான் ஜலதோஷத்துக்கு லீவு போட்டிருந்த நாள், அக்கா கைப்பையோடு மாடிக்கு ஓடி வந்தாள். அத்தான் விரலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாராம், அவளுக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டதாம்.

"பதினொரு மணிக்குள்ள கொண்டு போய்க் குடுத்துடுடா" என்றாள்.

பதினொரு மணிக்கு என்ன என்று கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள். ஆறு வருடமாக மிதிக்காத கடை. விரலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அது நுனியை வெளியே நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் இரண்டாவது நிறுத்தத்திலேயே எழுந்து முன்னால் போய்விட்டார்.

மனிதர் விரல் இல்லாமல் கூனிக் குறுகி, கையைப் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்தக் காட்சியைப் பார்க்கக் கொஞ்சம் ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன். அவரோ கவுன்டரில் ஜாம் ஜாமென்று நின்றுகொண்டிருந்தார். எதிரே ஒரு பெரிய உடம்புக்கார அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தன் மருமகனைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் அந்தக் குட்டைக் கணுவை அவர் காதுக்குப் பின்னால் வைத்து, கம்பி எங்கே அழுத்துகிறது என்று தடவிப் பார்த்தபடி, மருமகனைத் தானும் இரண்டு வார்த்தை திட்டினார். அந்த அம்மா மயங்கி விழவில்லை. காத்திருந்த இருவரும் கடையை விட்டு ஓடவில்லை. அந்த வேலைக்கு அந்தக் கணுதான் வேண்டும், ரப்பருக்கு என்ன தெரியும் என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்து மாதப் பாடு, நாலு வார்ப்பு, என் நகம் எல்லாம் எதற்கு என்றுதான் புரியவில்லை.

அதற்கும் அதிக நேரம் ஆகவில்லை. வாசலில் கார் வந்து நின்றது. தினமும் பதினொரு மணிக்கு வந்து பன்னிரண்டரைக்குப் போகும் முதலாளி அன்றைக்கு இருபது நிமிடம் முன்னதாக வந்துவிட்டார். அத்தானின் இரண்டு கையும் ஃபிரேமில் இருந்தன. கம்பியைச் சூடாக்கிக் காதுக்கு ஏற்ற மாதிரி வளைத்துப் பிடித்திருந்தார், ஆறுவதற்குள் விட்டால் கோணிக்கொள்ளும். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கணு மட்டும் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பயம் எனக்குப் பிடிக்கவில்லை. மூக்கைப் பற்றி அத்தனை தைரியமாகப் பேசிய மனிதர்.

நான் கவுன்டருக்குள் கையை நீட்டி விரலை அவர் கணுவில் அழுத்தினேன். கணு வெதுவெதுப்பாக, நுனியில் தோல் மெல்லிசாக இருந்தது. அதை நான் அதுவரை தொட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கே நான் போகவில்லை. வெட்கமாக இருந்தது.

"மச்சான்" என்றார் அத்தான், வாயைத் திறக்காமலே. "தலகீழா மாட்டுறீங்க."

நகம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. உருவித் திருப்பி மாட்டினேன். அந்த அம்மா மருமகன் புகாரை நிறுத்தாமலே தன் பெரிய கைப்பையைத் தூக்கி வாசல் பக்கம் மறைத்து வைத்துக்கொண்டார். பழக்கப்பட்ட கை என்று பார்த்தாலே தெரிந்தது.

முதலாளி உள்ளே வந்து, ஐந்து விரல்களையும் தூரத்திலிருந்து எண்ணித் திருப்திப்பட்டுக்கொண்டு, நான் யார் என்று விசாரித்தார். சொன்னேன். தான் மட்டும் அந்த முடிவை எடுத்திருக்காவிட்டால் உங்கள் அத்தான் இன்னும் பின்னறையில்தான் கிடந்திருப்பார் என்று பெருமையோடு சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்னறையில் போட்டது யார் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். நான் பன்னிரண்டரை வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். கார் கிளம்பியதும் அத்தான் விரலைக் கழற்றி ஒரு காலிக் கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடினார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் அக்கா வரும்வரை காத்திருந்து கீழே போனேன். அவளைச் சீண்டுவதற்கு வாழ்நாளில் இப்படி ஒரு விஷயம் கிடைத்ததில்லை. ஆனால் ஆரம்பிக்கத் தெரியாமல், அந்த விரலை அத்தான் நாள் முழுக்கப் போட்டிருப்பதில்லை போலிருக்கிறது என்று இழுத்தேன். அக்கா பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்டா. நாள் பூரா போட்டிருந்தா உள்ள வேர்த்து ஈரமா இருக்கும். ரெண்டாவது நாள்லேருந்தே காஞ்சுதான் வருது. அந்த ஆள் வர்ற நேரத்துக்கு மட்டும் மாட்டுறார்."

உனக்குக் கோபம் வரவில்லையா என்றேன். அவர் கவுன்டரில் நிற்கிறார் அல்லவா, அதற்குத்தானே செய்தது என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாத. கழட்டவே மனசு வரலன்னு தினமும் சொல்றார். அதைச் சொல்றதுக்கு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வர்றார் மனுஷன்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே அந்த அம்மாவின் மருமகன் கதையும் கேட்டது. அத்தான் பேசிக்கொண்டே உள்ளே வந்து, விரலைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தார். தெருமுனையில் நின்று மாட்டிக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. அக்கா ஒரு துணியை முறுக்கி விரலுக்குள் விட்டு, பொட்டு ஈரம் இல்லாத இடத்தை மெதுவாக, நன்றாக, சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

"இன்னிக்கு ரொம்ப வேர்த்திருக்கே" என்றாள்.

"ஆமா" என்றார் அத்தான். "கடையில ஃபேன் சரியா ஓடல."